நீர் நிற்கும் நேரம்

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சாக்கு மூட்டை வந்து சேர்ந்தது. இழுவைப் படகுக்காரர் ஒருவர் தோளில் சுமந்து வந்து அலுவலக வாசற்படியில் தொப்பென்று போட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க சாமான் எங்க வலையைக் கிழிச்சுடுச்சு. உங்களுதுதானான்னு பாருங்க" என்றார்.

மீட்டர்காரர் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். சாக்குக்குள் ஒரு கை நீளத்துக்கு ஒரு குழாய் கிடந்தது. உடம்பெல்லாம் சிப்பி அப்பி, பாசி பிடித்து, இரும்பா பிளாஸ்டிக்கா என்று தெரியாத கோலத்தில் இருந்தது. கட்டைவிரல் நகத்தால் பாசியைச் சுரண்டினார். உள்ளே அவரே ஒரு காலத்தில் ஆணியால் கீறி வைத்த ஏழு தெரிந்தது. அன்றைக்கு அந்த டப்பாவை அவர் மறுபடி திறக்கவில்லை.

அந்த அலுவலகம் கடற்கரையை ஒட்டிய மூன்று அறைக் கட்டடம். கடல் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, ஓடும்போது எவ்வளவு மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை. ஊரில் கேலிக்குக் குறைச்சல் இல்லை. கடலில் தண்ணி இருக்கிறதா என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் என்பார்கள். மீட்டர்காரர் அதற்கெல்லாம் கோபப்படமாட்டார். "நாங்க பார்க்கலேன்னா ஒருநாள் காணாமப் போயிடும்ல" என்று சிரித்துக்கொண்டே போவார். இருபத்திரண்டு வருஷமாக மீட்டர் இறக்கி, மீட்டர் எடுத்து, அவருக்குச் சொந்தப் பெயர் இருந்ததையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

மீட்டரைக் கடலில் இறக்குவது பெரிய வித்தை இல்லை. அடியில் கனமான இரும்புக் குண்டு, அதிலிருந்து மேலே ஒரு கயிறு, கயிற்றின் நடுவில் மீட்டர், கயிற்றை நிமிர்த்திப் பிடிக்க உச்சியில் ஒரு மிதவை. நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டர் தனக்குள்ளேயே எழுதிக்கொள்ளும். நீரின் வேகம், திசை, கூடவே தான் எவ்வளவு சாய்ந்து நிற்கிறோம் என்பதையும் எழுதும். தண்ணீர் வேகமாக ஓடினால் கயிறு சாயும், மீட்டரும் சாயும். நின்றால் நேராக நிமிரும்.

எடுப்பதுதான் கஷ்டம். நீர்மட்டத்தில் அடையாளத்துக்கு விட்ட இன்னொரு மிதவையைப் போகிற வருகிற படகுகள் அறுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஆள் முங்கித்தான் கயிறு கட்ட வேண்டும். அப்படி முங்குகிற ஆள், மீட்டர்காரரின் ஒரே தம்பி. ஊர் அவனுக்கு வைத்த பெயர் முக்குளிச்சான். ஒன்பது வயதிலேயே தண்ணீருக்குள் போனால் வெளியே வராமல் அம்மாவைக் கதற வைத்தவன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், காற்றுக்காலம் தொடங்குவதற்குள் ஏழாம் மீட்டரை எடுத்துவிட வேண்டும் என்று போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஆறு மைல் வடக்கே கிடைத்தான். மீட்டரைத் தேடி யாரும் போகவில்லை. காற்றுக்காலத்தில் அது கயிறு அறுந்து எங்கோ புதைந்து போனது. முங்கியவரின் அவசரமும் கவனக்குறைவுமே காரணம் என்று அலுவலகம் ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதி மூடியது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம். கருணை காட்டியது போல அவன் மனைவிக்கு மண் அறையில் ஒரு வேலையும் கொடுத்தது.

மண் அறை என்பது பின்கட்டு. கடலடியிலிருந்து பாட்டிலில் பிடித்து வந்த மண்ணைக் காயவைத்து, அடுக்குச் சல்லடையில் சலித்து, தட்டுத் தட்டாக எடை போட வேண்டும். முதல் மாதத்திலேயே அவள் அந்த வேலையைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு சிட்டிகை மண் சிந்தினாலும் அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு அவளும் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். முழங்கை வரை சாம்பல் நிற மண். சாக்கைப் பார்த்தாள், மீட்டர்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, இது அந்த ஏழுதானே?"

"ஆமாம்மா."

அவள் குனிந்து குழாயின் மேல் கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையால் தொட்டாள்.

"இது எழுதிக்கிட்டே இருந்திருக்குமா?"

"பேட்டரி தீர்ற வரைக்கும் எழுதும்."

"அன்னைக்கும் எழுதியிருக்கும்."

"தண்ணி உள்ள பூந்திருக்கலாம்மா. ஒண்ணும் இல்லாமக்கூடப் போயிருக்கலாம்."

தண்ணீர் புகவில்லை என்று அவருக்குப் பார்த்தவுடனேயே தெரியும். மூடியில் ஒரு திருகாணிகூட அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் மீட்டர் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

படகுக்காரர் போன பிறகு அவர் குழாயைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, சிப்பியை ஒவ்வொன்றாக உளியால் பெயர்த்தார். ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரம் செய்தார். அலுவலகப் படகின் ஓட்டுநர் வந்து பக்கத்தில் குந்தினார். அன்றைக்குப் படகில் தம்பியோடு போனது இந்த ஓட்டுநர் ஒருவர்தான். மீட்டர்காரர் போயிருக்க வேண்டிய பயணம் அது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தலைமை அதிகாரி அவரைக் கரையில் நிறுத்திக்கொண்டார்.

"திறந்துட்டீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல."

"திறக்காதீங்க. மறுபடி கடல்ல தூக்கிப் போட்டுருங்க. நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றேன்."

"ஆபீஸ் சாமான்யா."

"ஆபீஸுக்கு இது செத்துப்போன சாமான். எழுதித் தள்ளியாச்சு." ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். "நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல. சொல்லட்டுமா?"

மீட்டர்காரர் உளியைக் கீழே வைத்தார்.

"நங்கூரம் போட்டதும் படகு கயித்தைப் புடுங்குது. அந்த இழுப்பு இழுக்குது. நான் சொன்னேன், டேய், தண்ணி ஓடுதுடா, கொஞ்சம் பொறுன்னு. அவன் சட்டைப் பையிலேருந்து முங்குற நேரம் எழுதின சீட்டை எடுத்துக் காட்டுறான். பத்தரைன்னு இருக்கு. நீங்க கைப்பட எழுதினது. அண்ணன் எழுதினா தண்ணி நிக்கும், நிக்காமப் போனா அது தண்ணியோட தப்புங்கிறான். சிரிச்சுக்கிட்டேதான் குதிச்சான்."

"ம்."

"நானும் தடுத்திருக்கணும். இடுப்புல கயிறு கட்டாம எறங்கினான், அதுக்கும் நான் வாயத் திறக்கல. நான் வாயத் திறந்தா என் வேலையும் போகும். அதான் பேசாம இருந்துட்டேன். நீங்களும் பேசாம இருந்தீங்க. சரி, ரெண்டு பேரும் இப்படியே இருந்துருவோம்னு நினைச்சேன்."

மீட்டர்காரர் உளியை மறுபடி கையில் எடுத்தார். எழுதிய நேரம் தப்பு என்று அவருக்கு அன்று மாலையே தெரியும்.

அவர் முதல் பத்து வருஷம் வேலை பார்த்தது துறைமுகக் குடாவுக்குள். அங்கே கடல் ஏற்றம் உச்சிக்கு வந்து நீர்மட்டம் நின்றால் ஓட்டமும் நின்றுவிடும். ஏற்ற இறக்க அட்டவணையில் உச்சி ஏற்றம் எத்தனை மணி என்று பார்த்து எழுதிக்கொடுத்தால் போதும், அந்த நேரத்துக்கு முங்கலாம். வெளிக்கடலில் அப்படி இல்லை. நீர்மட்டம் உச்சியில் நின்ற பிறகும் ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு மேலிடத்து ஆட்களுக்கு நாற்காலி போடுவதா, படம் மாட்டுவதா என்ற அவசரத்தில், பழைய பழக்கத்தில் கை அட்டவணையைப் பார்த்தது, பத்தரை என்று எழுதியது. அதிகாரி பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். தம்பி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஓட்டுநர் எழுந்து போன பிறகு மீட்டர்காரர் மூடியைத் திறந்தார். உள்ளே காய்ந்த மரம் போல ஈரமில்லாமல் இருந்தது. கம்பியை மாட்டிக் கணினியில் இறக்கினார். வரிசை வரிசையாக எண்கள் வந்தன. அந்தத் தேதிக்குப் போனார். காலை பத்து மணி. தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, மீட்டர் எட்டுப் பாகை சாய்ந்திருந்தது. பத்து முப்பத்தாறில் சாய்வு இருபத்துநான்கு ஆனது.

அவர் வேகத்தையும் சாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீர் வேகம் கூடவில்லை, இன்னும் சொன்னால் ஒரு புள்ளி குறைந்திருக்கிறது. ஆனாலும் கயிறு மூன்று மடங்கு சாய்கிறது. கயிற்றில் ஒரு ஆள் தொங்கினால்தான் அப்படிச் சாயும்.

விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். நாற்பத்தொரு வரி. பதினொன்று பதினேழில் சாய்வு சட்டென்று இரண்டுக்கு வந்துவிட்டது.

தம்பிக்கு முங்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அடியில் ஓட்டம் இருந்தால் அதோடு சண்டை போடாதே, கயிற்றை விடாதே, விட்டால் படகுக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டு போய்விடும், நீர் நிற்கப் போகிற நேரம்தான், பிடித்துக்கொண்டு காத்திரு என்று படித்துப் படித்துச் சொன்னது அவர்தான். பத்தரைக்கு நிற்க வேண்டிய தண்ணீர் இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று அவன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். முதுகுச் சிலிண்டரில் இருந்த காற்று தீரும்வரை இருந்திருக்கிறான். காற்றுத் தீர்ந்து, படகுக்கு எட்டாத தூரத்தில் மேலே வந்தவனை எந்த அலை எந்தப் பக்கம் புரட்டியது என்று பார்த்தவர் யாரும் இல்லை.

கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மீட்டர்காரருக்குப் பிள்ளை இல்லை. தம்பியின் மகள், ஐந்து வயது, அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் மடியில் ஏறிக்கொண்டு, பெரியப்பா இன்றைக்குக் கடல் எத்தனை கிலோ மண் தின்றது என்று கேட்பாள். தினமும் கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள். அவர் ஒரு எண்ணைச் சொன்னார். அவள் போதாது என்றாள், இன்னும் ஐந்து கூட்டிச் சொன்னார்.

மனைவி அரிசி களைந்துகொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அவ இன்னைக்குக் காலையிலயும் ஒரு வாய் தண்ணியோட போயிட்டா. எட்டு மாசமா இதே கதை. நான் கேட்டா ஒரே பதில்தான். அன்னைக்குக் காலையில அவர் சாப்பிடாமப் போனாருக்கா, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்க்காங்கிறா. முங்குற வேலைய விட்டுருங்கன்னு ரெண்டு நாளாச் சண்டை போட்டிருக்கா. அந்தக் கோபத்துல போனவருக்குக் கவனம் எங்க இருக்கும், அறிக்கையிலயும் கவனக்குறைவுன்னுதானே எழுதியிருக்காங்க, நான்தான் கொன்னேன்னு உட்கார்ந்திருக்கா. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உங்க பேச்சைத்தான் அவ கேப்பா."

மீட்டர்காரர் குழந்தையைக் கடைக்கு மிட்டாய் வாங்க அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். சீட்டைச் சொன்னார், பத்தரையைச் சொன்னார், நாற்பத்தொரு வரியையும் சொன்னார். அரிசிப் பானையில் அவள் கை அப்படியே நின்றது.

கையைப் பானையிலிருந்து எடுத்து, "வேற யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"ஓட்டுநருக்குப் பாதி தெரியும்."

"அவர் சொல்லமாட்டாரு. நீங்களும் சொல்லாதீங்க."

"நீதானே இப்ப ஒரு வார்த்தை சொல்லுன்னே."

"இது அந்த வார்த்தை இல்லீங்க." அவள் பானையைத் தள்ளி வைத்தாள். "சொன்னா அவ இந்த வீட்டுல இருப்பாளா? குழந்தையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவா. அது இல்லாம நான் எப்படிங்க இருப்பேன்? நீங்க இருப்பீங்களா? போன உயிர் போயிடுச்சு. சொன்னா வரவா போகுது?"

வாசலில் குழந்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். குழந்தை ஒரு மிட்டாயைப் பெரியப்பாவின் வாயில் திணித்துவிட்டு, மென்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தது.

மறுநாள் காலையில் மீட்டர்காரர் அந்த நாளின் எண்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு மண் அறைக்குப் போனார். நேற்றிலிருந்து நூறு தடவை போவோம் என்றும் நூறு தடவை வேண்டாம் என்றும் நினைத்தார். நல்லவராக இருந்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அவளுடைய வெறும் வயிற்றைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட இனிமேல் அவரால் முடியாது, அவ்வளவுதான்.

சல்லடை ஆட்டும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி உள்ள போகலம்மா" என்றார். "எல்லாம் இருக்கு."

பிறகு நின்றபடியே சொல்லி முடித்தார். குரலைச் சரிசெய்துகொள்ளவோ, தன்னை நியாயப்படுத்தவோ முயலவில்லை. அட்டவணையைப் பார்த்து எழுதினேன், தப்பா எழுதினேன், அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும், நீ மூஞ்சியத் திருப்பினதுக்கும் அவன் போனதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல என்றார்.

அவள் உட்கார்ந்திருந்த முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

"எட்டு மாசம் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டீங்க."

"ஆமா."

"நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதப்ப என் கையைப் புடிச்சுத் தடுத்தீங்க. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவருக்கு எங்காவது ஒதுங்கி நிற்க இடம் கிடைத்திருக்கும்.

"நானும் புள்ளையும் இனிமே அங்க இருக்க முடியாது" என்றாள். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். இதுதான் நடக்கும் என்று தெரிந்துதான் வந்தார். தெரிந்திருந்தும், மண் தட்டு அடுக்கிய மேசையில் சாய்ந்துகொண்டார்.

"கையில என்ன?"

"அந்த நாள் கணக்கு."

"படிங்க."

"நீயே பார்த்துக்கம்மா. உனக்குத்தான் கணக்குப் பார்க்கத் தெரியுமே."

"நீங்க படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளை மேசையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டார்.

"பத்து முப்பத்தஞ்சு. வேகம் எண்பத்தொண்ணு. சாய்வு எட்டு. பத்து முப்பத்தாறு. வேகம் எண்பது. சாய்வு இருபத்துநாலு."

"இங்கதான் புடிச்சாரா?"

"இங்கதான்."

அவர் படித்தார். ஒவ்வொரு நிமிஷமாக, ஒன்றையும் விடாமல் படித்தார். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. அவள் உதட்டை அசைத்து அவர் சொன்ன எண்களை அவருக்குப் பின்னால் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பதினொண்ணு ரெண்டு. வேகம் ஐம்பத்தஞ்சு. சாய்வு பத்து." அவர் நின்றார். "இங்க கொஞ்சம் குறையுது. அடுத்ததுல மறுபடி பன்னெண்டு ஆயிடுது. கை மாத்தியிருப்பான்."

"அவருக்கு வலது தோள் வலிக்கும்" என்றாள் அவள். "தைலம் தேய்க்கச் சொல்லுவாரு. அந்த ரெண்டு நாளும் நான் தேய்க்கல."

பதினொன்று பதினாறு, வேகம் நாற்பத்தொன்று, சாய்வு ஏழு. பதினொன்று பதினேழு, வேகம் நாற்பத்தொன்று, சாய்வு இரண்டு. அதோடு அவர் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அதுக்கப்புறம் அவன் இல்லம்மா."

"தண்ணி எப்ப நின்னுச்சோ அதுவரைக்கும் படிங்க."

அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். படித்தார். தலைமை அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்னவோ கேட்க வந்தவர் இருவரையும் பார்த்துவிட்டுக் கேட்காமலே மூடிக்கொண்டு போனார். வேகம் முப்பதுக்கு வந்தது, இருபதுக்கு வந்தது, பத்துக்குக் கீழே போனது. கடைசி வரிகளுக்கு மீட்டர்காரர் தாளுக்கு மேல் குனிந்துகொண்டார்.

"பதினொண்ணு ஐம்பத்துமூணு. வேகம் ஒண்ணு. சாய்வு இல்ல. பதினொண்ணு ஐம்பத்துநாலு. வேகம் இல்ல. சாய்வு இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "நின்னுடுச்சும்மா."

"அவர் விட்டதுக்கப்புறம் இன்னும் முப்பத்தேழு நிமிஷம்" என்றாள். கூட்டிக் கழித்துப் பார்க்க அவள் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை. "முப்பத்தேழு நிமிஷத்துக்கான காத்து இல்ல அவர்கிட்ட."

அவர் வாய்விட்டு அழுதார். தம்பியைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவள் அவரைத் தேற்றவில்லை. எழுந்து வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தாளைத் தன் பக்கம் திருப்பினாள். மண் ஒட்டிய விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே மேலே போனாள். ஒரு இடத்தில் விரலை நிறுத்தி, தாளை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"இங்கேருந்து இன்னொரு தடவை படிங்க. பதினாறு வரைக்கும் போதும். அதுவரைக்கும் அவர் உசிரோட இருக்காரு."

மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்து முப்பத்தாறு" என்று ஆரம்பித்தார்.